தமுக்குக் கருப்பையனும் அட்டை மில்லும்

குரும்பகரத்துக் கீழத்தெருவில் நின்று கருப்பையா என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தமுக்குக் கருப்பையன் என்றால் ஒருவன்தான். ஒட்டடைக்குச்சி மாதிரி உடம்பு, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத வெண்கலக் குரல். மேலத்தெருக் கோடியில் அவன் பேசினால் ஆற்றங்கரையில் துணி துவைப்பவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். இந்தக் குரலை வைத்துக்கொண்டு வேறு ஊரில் பிறந்திருந்தால் கூத்தில் ராஜா வேஷம் கட்டியிருப்பான். இங்கே பிறந்ததால் மேரிக்குத் தமுக்கு அடித்தான்.

மேரி என்றால் பெண்பிள்ளை பெயர் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. எங்கள் காரைக்கால் பக்கத்தில் நகராட்சி ஆபீசுக்கு அதுதான் பெயர். பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர். ஐம்பத்துநாலில் கொடி மாறியது, போலீஸ்காரன் தொப்பி மாறியது, அந்தப் பெயர் மட்டும் மாறவில்லை. கருப்பையனின் தமுக்கும் மாறவில்லை.

அம்மை குத்த ஆள் வருகிறது, வரி கட்டக் கடைசி நாள், வாய்க்காலில் தண்ணீர் விடப்போகிறார்கள், மாட்டைக் கட்டிப்போடுங்கள், பிரெஞ்சுக்காரன் திருநாளான ஜூலை பதினாலுக்கு ஓட்டப் பந்தயம் உண்டு. எதுவானாலும் அவன் வாய் வழியாகத்தான் ஊருக்குள் வரும். எழுத்து வாசனை கிடையாது. மேரியில் இருக்கும் காரியதரிசி, எங்கள் வாயில் செக்ரெத்தேர், படித்துச் சொல்வார். அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வான். ஒரு சொல் பிசகாமல் பத்துத் தெருவிலும் சொல்லிவிட்டு வருவான். சொல்லி முடித்ததும் ஒரு வரி உண்டு. “இது மேரி உத்தரவு.” அதற்குப் பிறகு ஒரே ஒரு அடி. அந்த அடி விழுந்துவிட்டால் பேச்சுக்கு இடமில்லை. அம்மை குத்துகிறவனைக் கண்டு அறைக்குள் ஒளிந்த தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேரியைத் தவிர யாரும் தமுக்கு அடிக்கக்கூடாது என்பது சட்டம். அதனால் எங்கள் ஊருக்குத் தமுக்குச் சத்தம் என்றாலே சர்க்கார்தான்.

கருப்பையனுக்கு இதில் ஒரு கர்வம் இருந்தது. இருந்தால் என்ன, அவனிடம் வேறு என்ன இருந்தது? “எவ்வளவோ சொல்லியிருக்கேன், ஒண்ணுகூட பொய்யாப் போனதில்ல” என்று கள்ளு குடித்த நாட்களில் மட்டும் சொல்லுவான். அவன் மனைவி லோகாம்பாள், “ஆமா, நெல்லு வந்து குதிருல விழுந்துச்சு” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மேரி கொடுக்கிற சம்பளத்தில் வயிறு கழுவ முடியாது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் திருஞானசம்பந்தம் பிள்ளையின் பண்ணையில் ஆள். பிள்ளைவாள் கீழத்தெருவுக்கு முக்கால்வாசிக்கும் முதலாளி. மோசமானவர் என்று சொல்லமுடியாது, அடித்தவர் இல்லை, வைதவர் இல்லை. தனக்கு நஷ்டம் வராத எந்த நல்ல காரியத்தையும் தடுத்தவர் இல்லை.

இனி போரடி பற்றிச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. தையில் சம்பா அறுத்ததும் களத்தில் கதிரைக் கையால் அடித்து நெல்லை எடுத்துவிடுவார்கள். அந்த நெல் பிள்ளைவாள் வீட்டுக்குப் போய்விடும். அடித்த வைக்கோலில் உதிராத மணி கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதைப் போராகக் குவித்து வைத்திருந்து, மாசி கடைசியில் பிரித்துப் போட்டு மாட்டைக் கட்டி மிதிக்க விடுவார்கள். அதுதான் போரடி. அதில் உதிரும் நெல் பண்ணையாட்களுக்கு. பாதி கருக்காய், பாதி மண், புடைத்தெடுப்பதற்குள் பெண்களுக்குத் தோள் கழன்றுவிடும். இருந்தாலும் ஆடியிலும் ஆவணியிலும், வயலில் வேலை இல்லாமல் ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கீழத்தெரு அடுப்பில் கஞ்சி கொதித்தது அந்த நெல்லால்தான். யாரும் எழுதிக் கொடுத்த உரிமை இல்லை. யாரும் கேட்டு வாங்கியதும் இல்லை. சூரியன் கிழக்கே வருவதைப்போல அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் எங்களைத் தூக்கி நிறுத்த ஒரு கம்பெனி வந்தது.

கொடி மாறியதும் காரைக்கால் துறைமுகம் படுத்துவிட்டது. வரியில்லாமல் வந்து இறங்கிய செண்டும் சாராயமும் கடிகாரமும் நின்றுபோயின. காதர் பாட்சா என்று ஒரு வியாபாரி, கடைத்தெருவில் சீமைச் சாமான் விற்றவர், காலிக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மறுவருஷம் புயல் வந்து மிச்சமிருந்த கூரைகளையும் பிய்த்துக்கொண்டு போயிற்று. அதற்கடுத்த வருஷம் சென்னையிலிருந்து இரண்டு காரில் ஆட்கள் வந்தார்கள். கடைத்தெருவில் பந்தல் போட்டு, பின்தங்கிய வட்டாரங்களை முன்னேற்றுவது தனியார் முதலாளிகளின் கடமை என்று பேசினார்கள். நாங்கள் பின்தங்கிக் கிடக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. இவ்வளவு வைக்கோல் விளைகிற பூமியில் அட்டை செய்யும் மில் ஒன்றுகூட இல்லாதது அநியாயம் என்றார்கள். பெரிய மாலைகள் விழுந்தன. காதர் பாட்சா கம்பெனிக்கு உள்ளூர் ஏஜெண்டு ஆனார்.

குரும்பகரத்துக்குப் போகும் சாலையில் மில் எழும்பியது. செங்கல் புகைபோக்கி கோயில் கோபுரத்தைவிட உயரம். மேலத்தெருக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் வருத்தம், கீழத்தெருக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்.

கம்பெனிக்கு ஒரு தொந்தரவு இருந்தது. மாடு மிதித்த வைக்கோல் துவண்டு, சாணியும் மண்ணுமாக இருக்கிறது, அட்டைக்கு ஆகாது. கையடி முடிந்த கையோடு வைக்கோலை அப்படியே கொடுத்துவிட வேண்டும். மிராசுதார்களுக்கு இதில் என்ன கஷ்டம்? மாட்டு உழைப்பு மிச்சம், வைக்கோலுக்கு விலை. போரடி நெல் போவது ஆட்களுக்குத்தானே. அதற்கும் கம்பெனி ஒரு வழி சொன்னது. போரடியை விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் மில்லில் ஒரு நிரந்தர வேலை.

நல்ல வழிதான். கீழத்தெரு மட்டும் நம்பவில்லை. பெண்கள் கூடி உட்கார்ந்து முணுமுணுத்தார்கள். அவர்களில் முதல் குரல் லோகாம்பாளுடையது. மில்லு வேலை வந்த பிறகு போரடியை விடுவோம், விட்ட பிறகு வேலையைத் தேடுவானேன் என்றாள். அது காதர் பாட்சா காதுக்குப் போயிற்று. அவர் கெட்ட மனிதர் இல்லை. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டியவர், இந்த மில்லை விட்டால் கதியில்லாதவர். யோசித்துப் பார்த்தார். இந்த ஊர் எதற்கு அசையும் என்று அவருக்குத் தெரியாதா? நேரே கருப்பையன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

கம்பெனி சங்கதியை மேரித் தமுக்கில் சொல்வதா என்று கருப்பையன் தயங்கினான். மேரியில் கேட்டாயிற்று, தமுக்கை எடுத்துக்கொள்ள விட்டுவிட்டார்கள், இப்போது பழைய சட்டமெல்லாம் இல்லை என்றார் காதர் பாட்சா. அது உண்மையும்கூட. கருப்பையன் மறுநாள் மேரிக்குப் போய்ச் செக்ரெத்தேரிடம் கேட்டும் பார்த்தான். அவர் தலையைத் தூக்காமலே, அடிச்சுட்டுப் போ என்றார். அவன் திரும்பி வந்து, காதர் பாட்சா சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டான்.

மார்கழிக் குளிரில் முதலில் மேலத்தெரு, பிறகு நடுத்தெரு, கடைசியில் கீழத்தெரு. காதர் பாட்சா பத்தடி பின்னால் வந்தார். கருப்பையனின் குரல் அன்றைக்கு இருந்த மாதிரி என்றைக்கும் இருந்ததில்லை என்று கேட்டவர்கள் சொல்வார்கள். அவனே நம்பினான், அதுதான் காரணம். வரியையும் அம்மையையும் சொல்லிச் சலித்த வாய்க்கு முதல் தடவையாக ஒரு நல்ல சேதி கிடைத்திருந்தது.

“சகலமான பேருக்கும் தெரிவிக்கிறது என்னன்னா, வர்ற தையிலேருந்து கையடி வைக்கோல அப்படியே அட்டை மில்லுக்குக் கொடுத்துடணும். போரடி கிடையாது. போரடி விட்ட வீட்டுக்கு வீடு ஒரு ஆளுக்கு மில்லுல நிரந்தர வேலை. இது மேரி உத்தரவு.”

ஒரே ஒரு அடி.

அந்தக் கடைசி வரியை அவனிடம் யாரும் சொல்லச் சொல்லவில்லை. அவனும் சொன்னதாக நினைக்கவில்லை. இருபது வருஷமாக நாக்கின் நுனியில் குந்தியிருந்த வரி, வழக்கம்போல இறங்கி வந்துவிட்டது. மூக்கு அரித்தால் கை போவதில்லையா, அப்படி. காதர் பாட்சா மேலத்தெருவிலேயே அதைக் கேட்டு ஒரு கணம் நின்றார். வாயைத் திறந்தார். எதிரே கதவுகள் திறப்பதையும் ஆட்கள் தலையை ஆட்டுவதையும் பார்த்தார். மூடிக்கொண்டார்.

கீழத்தெருவில் அடி விழுந்ததும் முணுமுணுப்பு அடங்கிவிட்டது. லோகாம்பாள் வாசலில் நின்று புருஷன் சொன்னதை முழுக்கக் கேட்டாள். “மேரியே சொல்லியாச்சா, அப்பறம் என்ன பேச்சு” என்று உள்ளே போய்விட்டாள்.

அந்தத் தையில் களத்தில் போர் எழும்பவில்லை. வைக்கோல் வண்டி வண்டியாகச் சாலையில் போயிற்று. கீழத்தெரு ஆண்கள் வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு மில் வாசலில் நின்றார்கள். உள்ளே மெஷின் ஓட்ட வெளியூரிலிருந்து ஆள் வந்திருந்தது. அதற்குப் படித்திருக்க வேண்டுமாம். நம் ஆட்களுக்கு வண்டியில் வந்த வைக்கோலை இறக்குவது, சுமப்பது, தொட்டியில் தள்ளுவது. அன்றாடக் கூலி, கூப்பிட்ட நாளைக்கு வேலை. நிரந்தரம் எப்போது என்று கேட்டால் அடுத்த மாசம். அடுத்த மாசம் கேட்டால் அதற்கும் அடுத்த மாசம். காதர் பாட்சா சென்னைக்குத் தந்தி மேல் தந்தி கொடுத்ததும் உண்மைதான்.

கருப்பையனுக்குத் தொட்டியில் வேலை. கிணறு மாதிரி ஒரு பெரிய தொட்டியில் வைக்கோலைப் போட்டு, சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு, நீராவியில் வேகவைப்பார்கள். அது கூழாகி, பிறகு அட்டையாகும். அவன் வேலை நீண்ட கோலால் வைக்கோலை உள்ளே அமுக்குவது. கண் எரியும், கைத்தோல் வெந்து உரியும். அதெல்லாம் அவனுக்குப் பெரிதில்லை. ஆனி மாசத்தில் ஒருநாள் தொட்டி கொதிக்கும்போது, சுண்ணாம்பு நெடிக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை கிளம்பியது. அவன் கோலை நிறுத்திவிட்டு மூச்சை இழுத்தான். சந்தேகமே இல்லை. புழுங்கல் வேகிற வாசனை. எட்டிப் பார்த்தான். நுரைக்குள் உமி வெடித்து வெள்ளை வெள்ளையாகச் சோறு மிதந்தது. போரடியில் உதிர்ந்திருக்கவேண்டிய மணி. கீழத்தெரு முழுவதின் ஆடி மாசக் கஞ்சி சுண்ணாம்பில் வெந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் பக்கத்தில் லோகாம்பாள் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். வீட்டில் காலையிலிருந்து அடுப்பு மூட்டவில்லை. அவன் துண்டிலிருந்து வந்த வாசனை அவள் மூக்கில் ஏறியது. அவள் முகம் மாறிவிட்டது.

“எங்கய்யா சாப்புட்ட?”

“சாப்புடல.”

“சோத்து வாசன வருது. தனியா சாப்புட்டுட்டு வந்து என் மொகத்துல முழிக்கிற.”

அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். சாப்பிட்டேன் என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. சொல்லிவிட்டான். தொட்டியில் மிதந்ததைச் சொன்னான். லோகாம்பாள் அழவில்லை, கத்தவில்லை. துண்டை அவன் தோளிலிருந்து உருவி எடுத்துப் போய்க் குளத்தில் அலசிக் காயப்போட்டாள். அதற்குப் பிறகு மில்லிலிருந்து வருகிறவனை வாசலிலேயே நிறுத்தி, துண்டை வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவாள். அந்த ஆடியைக் கீழத்தெரு கீரையிலும் நத்தையிலும் கழித்தது. அடுத்த ஆடியும் அப்படித்தான் போயிற்று.

ஐம்பத்தெட்டு ஐப்பசியில் மில் நின்றது. கடல்காற்றில் அட்டை நெளிந்துபோகிறது, யாரும் வாங்குவதில்லை என்றார்கள். கேட்ட சலுகையை சர்க்கார் தரவில்லை என்றார்கள். வேறு பின்தங்கிய ஊர் ஒன்று இன்னும் சல்லிசாகக் கிடைத்துவிட்டது என்றும் ஒரு பேச்சு. எது நிஜமோ, சென்னைக்காரர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். மெஷினில் நல்லதைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். புகைபோக்கியைக் கழற்ற முடியாததால் அதை எங்கள் முன்னேற்றத்துக்காக விட்டுவிட்டுப் போனார்கள். காதர் பாட்சா கடையை மூடிவிட்டு மலாயாவில் இருந்த மச்சானிடம் போய்ச் சேர்ந்தார். போவதற்கு முன்னால் கருப்பையன் வீட்டு வழியாக ஒருமுறை நடந்தார், உள்ளே வரவில்லை.

கீழத்தெருவுக்கு இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது. கம்பெனி போனால் போகட்டும், வேலை தருவதாகச் சொன்னது கம்பெனியா, மேரி அல்லவா! முப்பது பேர் சேர்ந்து மேரிக்குப் போனார்கள், கருப்பையன் முன்னால் நடந்தான். செக்ரெத்தேர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, மேரி அப்படி ஒரு உத்தரவும் போடவில்லையே, யார் சொன்னது உங்களுக்கு என்றார்.

முப்பது முகமும் ஒரு பக்கமாகத் திரும்பின.

கருப்பையனுக்கு அப்போதுதான் உறைத்தது. மார்கழிக் குளிர், மேலத்தெரு, பின்னால் வந்த செருப்புச் சத்தம் நின்றது, எல்லாம் திரும்ப வந்தன. தான் சொன்ன கடைசி வரியைத் தன் காதாலேயே இரண்டு வருஷம் கழித்துக் கேட்டான். செக்ரெத்தேர் அவனை வேலையைவிட்டு நீக்கவில்லை. இனிமேல் தான் சீட்டுக் கொடுக்காமல் தமுக்கைத் தொடக்கூடாது என்று மட்டும் சொன்னார். திரும்பும் வழியில் அவனோடு யாரும் பேசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

சரி, மில்தான் போயிற்றே, போரடி திரும்ப வரவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். கீழத்தெருவும் அப்படித்தான் நினைத்தது. கருப்பையன் பிள்ளைவாள் வாசலில் போய் நின்றான். இந்த இரண்டு வருஷத்தில் அவருக்கு வைக்கோலை விற்கும் ருசி பிடித்திருந்தது. நாகப்பட்டினத்தில் கண்ணாடிச் சாமானை வைக்கோல் பொதிந்து பெட்டியில் கட்டி அனுப்புகிறவன் ஒருவன் கையடி வைக்கோலுக்கு முன்பணம் கொடுத்திருந்தான். அதை அவர் சொல்லவில்லை. கோபிக்கவும் இல்லை.

“நானா நிறுத்தினேன்? மேரி உத்தரவுன்னு நீதானே தமுக்கடிச்ச. மேரி மறுபடி உத்தரவு போடட்டும், நாளைக்கே மாட்ட அவுத்து உடுறேன்.”

நியாயமான பேச்சுதான். கருப்பையன் மேரிக்கு ஓடினான். செக்ரெத்தேர் தலையில் அடித்துக்கொண்டார். போடாத உத்தரவை எப்படியப்பா ரத்து செய்வது என்றார். அதுவும் நியாயம். எல்லார் பக்கமும் நியாயம் இருந்தது, கீழத்தெரு அடுப்பில் மட்டும் எதுவும் இல்லை.

தை பிறந்தது. அறுவடை முடிந்து களத்தில் கையடி நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலையில் லோகாம்பாள் மூலையில் தொங்கிய தமுக்கை இறக்கி, மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்து, புருஷன் முன்னால் வைத்தாள்.

“நீ சொல்லித்தான் போச்சு. நீயே திருப்பிச் சொல்லு.”

சீட்டு இல்லை, வேலை போய்விடும் என்றான் அவன். போகட்டும் என்றாள். மேலத்தெரு மிராசுதார்களுக்கு உத்தரவென்றால் பயம் உண்டு, அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் கொஞ்ச நாளைக்காவது மாட்டைக் கட்டுவார்கள், மேரியில் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் போரடி முடிந்துவிடும் என்றாள். அவள் கணக்கு தப்பில்லை. அவன் தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

மேலத்தெருவில் அவன் தமுக்கு முழங்கியதும் கதவுகள் திறந்தன. தெருக்கோடியில் லோகாம்பாளும் அவள் பின்னால் கீழத்தெருப் பெண்களும் நின்றார்கள். பிள்ளைவாள் பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தார். கருப்பையன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். குரல் கணீரென்றுதான் இருந்தது. சகலமான பேருக்கும் தெரிவிக்கிறது என்னவென்றால், அட்டை மில் மூடியாகிவிட்டபடியால், இந்தத் தையிலிருந்து பழையபடி போரடி உண்டு, அதில் உதிரும் நெல் பழையபடி ஆட்களுக்கு.

அவ்வளவும் வந்தது. ஊர் காத்திருந்தது. அடுத்து வரவேண்டிய வரி என்னவென்று அந்தத் தெருவில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அவன் வாயைத் திறந்தான். கோலை ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. இருபது வருஷமாக யாரும் அழைக்காமலே வந்த வரி. இப்போது முதல் தடவையாக அது பொய் என்று தெரிந்து சொல்லவேண்டியிருந்தது. மூன்று வார்த்தை. ஒரு தெருவின் கஞ்சி.

பிள்ளைவாள் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். “முடிச்சிட்டியா?”

“முடிச்சிட்டேன் சாமி.”

“யாரு உத்தரவு?”

கருப்பையன் தெருக்கோடியைப் பார்த்தான். லோகாம்பாள் உதடு அந்த மூன்று வார்த்தையையும் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“யாரும் போடல சாமி. நான்தான் சொல்றேன்.”

“நீ சொன்னா எப்படிடா” என்றார் பிள்ளைவாள், குழந்தைக்குச் சொல்வதுபோல. உள்ளே போய்விட்டார். மற்றக் கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

திரும்பும்போது பெண்கள் முன்னால் போய்விட்டார்கள். லோகாம்பாள் மட்டும் அவனோடு நடந்தாள். இரண்டு பேரும் களத்தருகே வந்தார்கள். அங்கே நாகப்பட்டினத்து வண்டிகளில் வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“அன்னிக்கு ஒருத்தரும் கேக்காமலே வந்துச்சே” என்றாள். “இன்னிக்கு ஏன்யா வரல?”

ஏற்றிய வண்டி ஒன்று அவர்களைக் கடந்து போயிற்று. அவள் குனிந்து, சக்கரத்தடத்தில் உதிர்ந்திருந்த நெல்லை மண்ணோடு அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவனும் தமுக்கைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் குந்திப் பொறுக்கினான்.